காம்பினேஷன் இல்லாத காட்சி

யார் பேசினாலும் சீன் அக்கா பேசுகிறவரின் முகத்தைப் பார்க்க மாட்டார். கேட்டுக்கொண்டிருக்கிறவரைத்தான் பார்ப்பார். மூக்குக்கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கும். தலை திரும்பாது; கருவிழி மட்டும் மெல்ல நகர்ந்து, வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆளிடம் போய் உட்கார்ந்துவிடும். வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் நுனியை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுத் திரும்பும். பஸ்ஸில் இரண்டு பெண்கள் சண்டை போட்டால், கூரை அதிரக் கத்துகிறவளை விட்டுவிடுவார். ஒன்றுமே சொல்லாமல் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடுகிறாளே, அவளைத்தான் தன் நிறுத்தம் தாண்டிப் போனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அக்கா, பேசறது நான். நான் இந்தப் பக்கம் இருக்கேன்" என்று அலுவலகத்தில் யாராவது கையை ஆட்டிக் கூப்பிட வேண்டியிருக்கும்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், நீ சொல்லு" என்பார். கண் நகராது.

தினமும் மாலையில் ஒளிபரப்பாகும் ஒரு குடும்பத் தொடரின் திரைக்கதை அவருடையது; சீன் சீனாகப் பிரித்து எழுதுகிறவர் என்பதால்தான் அந்தப் பெயர். கதை ஒருவர் பெயரில் இருந்தது. வசனம் இன்னொருவர். இயக்குபவர் வேறொருவர். இவர்களுக்கு நடுவில் சீன் அக்காவின் வேலை என்ன என்று வெளியாட்களுக்குப் புரிய வைப்பது பெரும்பாடு. ஒரு காட்சிக்குள் யார் முதலில் வருகிறார், எதைக் கேட்டு வருகிறார், யார் அதைக் கொடுக்க மறுக்கிறார், வந்தவர் திரும்பிப் போகும்போது எதை விட்டுவிட்டு எதை எடுத்துக்கொண்டு போகிறார், இதெல்லாம் அவர் கையில். ஒரு வரி வசனம்கூட அவருடையது இல்லை. ஆனால் அவர் எழுதிக் கொடுக்காமல் எந்த வீட்டுக் கதவும் திறக்காது, எந்த போனும் அடிக்காது.

அவருடைய கணவர் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். "உங்க வீட்டம்மா டயலாக்கும் எழுதலையாம், டைரக்‌ஷனும் பண்ணலையாம், அப்ப என்னதான் பண்றாங்க?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். அவர் ஃப்ரேமைத் தீயில் காட்டி வளைத்துக்கொண்டே சொல்வார்: "வீடு கட்டறப்ப வாசல் இங்க, ஜன்னல் அங்கன்னு சொல்ற ஆள் ஒருத்தர் இருப்பாருல்ல, அந்த வேலை. ஜன்னலைத் தப்பா வெச்சுட்டா எவ்வளவு நல்ல திரைச்சீலை மாட்டினாலும் புழுங்கத்தான் செய்யும்."

அந்த வேலைக்கு அவர் வந்ததும் ஒரு தினுசான வழியில்தான். அதற்கு முன் அவர் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே இயந்திரம் கிர்ரென்று சுற்றும். வெளியே நாற்காலிகளில் ஒவ்வொருவரும் தாடையைப் பிடித்துக்கொண்டு தங்கள் முறை வராமல் இருக்க வேண்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களின் பயத்தைத் தணிக்க, முந்தின நாள் தொடரில் நடந்ததை அவர் கதையாகச் சொல்லுவார். சொல்லும் சுவாரஸ்யத்தில் பலபேர் தங்கள் முறையைப் பின்னால் வருகிறவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். மருத்துவர் வெளியே எட்டிப் பார்த்து, "ஏம்மா, நான் பல்லைப் பிடுங்கட்டுமா, இல்ல உன் கதை முடியட்டுமா?" என்று கேட்டதும் உண்டு.

அப்படி ஒருநாள் கன்னம் வீங்கி வந்து உட்கார்ந்திருந்தவர் ஒரு தொடரின் உதவி இயக்குநர். அவர் வேலை பார்த்த தொடரின் கதையையே சீன் அக்கா இன்னொரு நோயாளிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அவர் குறுக்கிட்டார்.

"மேடம், அந்தத் தம்பி ஜெயில்ல இருந்து வந்துட்டான்னு அம்மாவுக்கு முதல்லயே தெரியற மாதிரி சொல்றீங்க. நாங்க அப்படி எடுக்கலையே. அம்மா கதவைத் திறக்கறப்பதான தெரியும்?"

"அதான் நானும் கேக்கறேன், ஏன் அப்படி எடுக்கலைன்னு" என்றார் இவர். "தெரியாமத் திறந்தா அது வெறும் அதிர்ச்சி. அம்மா தெரிஞ்சுக்கிட்டே அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தான்னு வைங்க, அவ எப்பத் திறப்பாளோன்னு நமக்கு வயித்தக் கலக்கும்ல?"

உதவி இயக்குநர் பல்லைப் பிடுங்காமலே எழுந்து போனார். அடுத்த வாரம் இவரைக் கூட்டிக்கொண்டு போக வண்டி வந்தது. கிளம்பும்போது மருத்துவர், "போயிட்டு வாம்மா. இங்க வர்றவங்கள்லாம் இனிமே நிஜமாவே பயப்படப் போறாங்க" என்றார். இந்தக் கதையை அவர் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் கன்னத்தின் வீக்கம் கொஞ்சம் பெரிதாகும்.

இப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த தொடரில் மூத்த மகனும் அவன் மனைவியும்தான் மையம். அந்த இரண்டு நடிகர்களையும் படப்பிடிப்பில் எல்லோரும், விளக்குத் தூக்குகிறவர் முதல் தயாரிப்பாளர் வரை, அண்ணன் என்றும் அண்ணி என்றும்தான் கூப்பிட்டார்கள். அவரவர் வீட்டிலேயே அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம் என்று ஒரு கேலி இருந்தது.

தொடரின் ஆண்டு விழா மேடையில்தான் வினை வந்தது. மைக்கைப் பிடித்த உற்சாகத்தில் அண்ணன், "அண்ணி அழறதுக்கு நான் கஷ்டப்பட்டு நடிக்கணும்னே அவசியமில்ல. கிளிசரின் பாட்டிலைத் தூரத்துல காட்டினாலே போதும், கொட்டிரும்" என்றார். அரங்கமே சிரித்தது. சீன் அக்கா மேடையின் ஓரத்தில் நின்றுகொண்டு, வழக்கம்போல அண்ணனைப் பார்க்காமல் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியும் சிரித்தார். ஆனால் அவர் கண் முன்வரிசைக்குப் போனது. அங்கே அவருடைய மகள், பள்ளிக்கூடம் போகிற பெண், எல்லோரோடும் சேர்ந்து கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அண்ணி தயாரிப்பாளரிடம் சொல்லிவிட்டார்: "என் வேலைய நான் ஒழுங்காச் செய்யறேன். ஆனா அவர் இருக்கற ஃப்ரேம்ல நான் இருக்க மாட்டேன்." அண்ணன், "நான் என்ன ஊர்ல யாரும் சொல்லாததையா சொல்லிட்டேன்?" என்று முறுக்கிக்கொண்டார். இருவரும் சேர்ந்து வரும் நாளைக் 'காம்பினேஷன்' என்பார்கள். அந்தத் தொடரில் காம்பினேஷன் செத்துப்போயிற்று.

அதையும் சமாளித்தார் சீன் அக்கா. நிஜத்தில் பிரிந்தவர்களைக் கதையிலும் பிரித்தார். அண்ணியின் ஆசிரியர் வேலைக்கு, அவளைக் கேட்காமலே கணவன் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய்விட்டாள். அதன்பின் இருவரும் ஒரே தெருவுக்கு வருவார்கள், ஒரே கடைக்கு வருவார்கள், ஆனால் ஒருவர் படியிறங்கிய பிறகே மற்றவர் படியேறுவார். பார்க்கிறவர்கள் அதை விதி என்று நினைத்து உருகினார்கள். கால்ஷீட் என்று யாருக்கும் தெரியவில்லை. "மாசக்கணக்கா ஒரு புருஷன் பொண்டாட்டிய ஒருத்தரை ஒருத்தர் பார்க்க விடாம ஓட்டியிருக்கேன். கின்னஸ்காரன் வந்து கேக்கலையே!" என்று வீட்டில் தோளைக் குலுக்கிக்கொள்வார்.

ஆனால் எத்தனை நாள் ஓட்டுவது? ஒருமுறையாவது சந்திக்க வைக்கலாம் என்று ஒரு நீண்ட நடைக்கூடத்தில் இருவரும் எதிரெதிரே நின்று பார்த்துக்கொள்வதாக எழுதினார். அண்ணனை ஒருநாள் எடுத்தார்கள், அண்ணியை வேறொரு நாள். இப்படி எடுக்கும்போது ஒருவர் வலப்பக்கம் பார்த்தால் மற்றவர் இடப்பக்கம் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஒட்டிப் பார்க்கையில் கண்ணும் கண்ணும் சந்திக்கும். அன்றைக்கு எந்தப் புண்ணியவான் குறித்து வைத்தானோ, இருவருமே வலப்பக்கம் பார்த்துவிட்டார்கள். அப்படியே ஒளிபரப்பும் ஆகிவிட்டது. பின்னணியில் வயலின் அழ, கணவனும் மனைவியும் கண்ணீரோடு ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுக்குக் காத்திருக்காங்க போல' என்று யாரோ எழுதிப் போட்டது வீடு வீடாகச் சுற்றியது.

அந்த வாரமே சேனலிலிருந்து ஒரு மேடம் வந்தார். சீன் அக்காவைவிட வயதில் சின்னவர். பேச்சில் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"அக்கா, ஜனங்க ரெண்டு பேரும் சேரணும்னு காத்திருக்காங்க. நீங்களும் இழுத்துட்டீங்க. இனிமே தாங்காது. சேர்த்துடுங்க. சேர்க்க முடியாதுன்னா அண்ணி கேரக்டரை முடிச்சிடலாம். ஒரு லாரி விபத்து, ரெண்டு எபிசோட் அழுகை, அண்ணனுக்குப் புது ஜோடி."

"முடிக்கறதா?"

"வெள்ளிக்கிழமை டிஸ்கஷன்ல ஒரு சீன் சொல்லுங்க. பிடிச்சிருந்தா சரி. இல்லன்னா லாரி."

அண்ணி என்கிற அந்தப் பெண்ணைச் சீன் அக்காதான் கட்டியெழுப்பியிருந்தார். கோபம் வந்தால் பாத்திரத்தை அடுக்குவது, பொய் சொல்லும்போது கொடியில் உலர்ந்த துணியை மறுபடி உதறுவது என்று எலும்பெலும்பாகச் சேர்த்தவர். அவளாக நடிக்கிறவருக்கோ இந்தத் தொடரைத் தவிர வேறு வேலை இல்லை. மகளைத் தனியாக வளர்க்கிறவர். மேடையில் ஒருவன் அடித்த ஒரு கேலிக்காக அவரை லாரியில் ஏற்றிக் கொல்வதா? ஆனால் சேர்க்க வேண்டும் என்றால் இருவரும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நிற்க மாட்டார்கள். முதுகைக் காட்டி டூப் வைக்கலாம் என்றால், ஒரே சுவரைப் பார்த்த கதைக்குப் பிறகு ஜனங்கள் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த யோசனையோடு வீட்டுக்குப் போனால், அங்கே வேறொரு காட்சி காத்திருந்தது.

கல்லூரியில் படிக்கும் மகள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டிருந்தாள். கணவர் கூடத்தில் உட்கார்ந்து, துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"நேத்து உன் சீரியல்ல வர்ற அந்தச் சின்னப் பொண்ணு ஒண்ணு சொல்லுச்சே, 'நீ என்னைப் பிடிக்கலைன்னு சொல்லு, பிஸியா இருந்தேன்னு சொல்லாதே'ன்னு. அது இவ போன்ல யாரோ ஒரு பையன்கிட்டச் சொன்னதாமே. இவ கிளாஸ்ல பாதிப் பேருக்கு அது தெரியுமாம்."

சீன் அக்கா அடுப்படியில் நின்றபோது காதில் விழுந்த வரி அது. அப்படியே வசனகர்த்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். மெல்லப் போய் மகளின் அறைக் கதவருகே நின்றார்.

"ஏய், திற."

"என் லைஃப் என்ன உன் ஆபீஸ் ஸ்டோர் ரூமா? வேணுங்கறப்ப வந்து வேணுங்கறத எடுத்துட்டுப் போறதுக்கு?"

"நல்ல வரிடீ அது. விட மனசு வரலை."

"பாராட்டறியா? இந்த லட்சணத்துல பாராட்டு வேறயா?"

"ரெண்டு பேரும் கதவுக்கு வலிக்காமப் பேசுங்க" என்றார் கணவர் கூடத்திலிருந்து.

சீன் அக்கா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே மகளும் கதவில் முதுகைச் சாய்த்து உட்காரும் சரசரப்பு கேட்டது. பிறகு மகள் அந்தப் பையனைப் பற்றி ஒன்றிரண்டு சொன்னாள். முகத்துக்கு முகம் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். அம்மா கேட்டுக்கொண்டார். பார்க்க ஆள் இல்லை. மரக்கதவின் கோடுகள்தான் இருந்தன. அதனால் முதல்முறையாக அவர் காதால் மட்டும் கேட்டார்.

நடுவில் 'டக்' என்று ஒரு சத்தம். மகள் தாழ்ப்பாளை நீக்கிவிட்டாள். ஆனால் கதவைத் திறக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. இவருக்கும் தள்ளத் தோன்றவில்லை. தள்ளினால் இந்தப் பேச்சு நின்றுவிடும். இருவரும் அப்படியே, திறந்திருக்கிற ஒரு கதவை மூடியிருப்பதாக வைத்துக்கொண்டு, தொடர்ந்து பேசினார்கள். மகளின் குரல் இளகிக்கொண்டே வந்தது.

சீன் அக்காவின் கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொட ஆரம்பித்தது.

"ஏய்."

"என்ன?"

"இதை எடுத்துக்கவா?"

"எதை?"

"இந்தத் தாழ்ப்பாளை."

உள்ளேயிருந்து, "அம்மா! நீ திருந்தவே மாட்டியா?" என்று ஓர் அலறல். அலறலின் வாலில் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. "சரி, எடுத்துக்கோ. ஆனா ஒரு கண்டிஷன். அந்த சீன்ல யாரும் ஸாரி சொல்லக்கூடாது. உன் சீரியல்ல எல்லாரும் பொழுதன்னிக்கும் ஸாரி சொல்லிக்கிட்டே இருக்காங்க. நெஜத்துல யாரும்மா சொல்றாங்க?"

"நானே இன்னும் உன்கிட்டச் சொல்லலையே."

"அதான் சொல்றேன். தாழ்ப்பாளத் திறந்துட்டேன்ல?"

வெள்ளிக்கிழமை டிஸ்கஷன் அறையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்: தயாரிப்பாளர், இயக்குநர், சேனல் மேடம், வசனகர்த்தா. வசனகர்த்தா பழைய நாடக மேடைக்காரர். எல்லோருக்கும் அவர் வசனம் சார். மேசையில் டீ. சீன் அக்கா எழுந்து நின்று சொன்னார்.

"அண்ணி பழைய வீட்டுக்கு வர்றா. எதுக்கு? அவளோட சர்டிஃபிகேட் எல்லாம் அங்க இருக்கு, புது வேலைக்கு வேணும். வீட்ல யாரும் இல்லைன்னு தெரிஞ்சுதான் வர்றா. ஆனா ஸ்டோர் ரூம்ல அண்ணன் மாட்டிக்கிட்டிருக்கான். உள்பக்கத் தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு. தட்டறான். இவ போய், 'யாரு'ங்கறா. குரல் கேட்டதும் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. மாசக்கணக்கா பேசினதில்ல. இப்பப் பேசாம இருக்க முடியாது, கதவைத் திறந்தாகணும்."

"மன்னிப்பு எப்பக் கேக்கறான்?" என்றார் வசனம் சார், பேனா மூடியைத் திருகிக்கொண்டே.

"கேக்கலை சார். அந்தத் தாழ்ப்பாள் அப்பப்ப சிக்கும். அதை எப்படி எடுக்கணும்னு இத்தனை வருஷம் அந்த வீட்ல குடித்தனம் பண்ண அவளுக்குத்தான் தெரியும். அவனுக்குத் தெரியாது. அவ வெளியில இருந்து சொல்றா, 'தள்ளாதீங்க, மேல தூக்குங்க, இப்ப இடப்பக்கம்.' அவன் செய்யறான். அவ்வளவுதான் சீன்."

வசனம் சார் பேனாவை மேசையில் வைத்தார். "ஏம்மா, பிரிஞ்ச புருஷன் பொண்டாட்டி சேர்றாங்க. நான் அங்க கடலைக் கொண்டாரலாம், நிலவைக் கொண்டாரலாம்னு பார்த்துக்கிட்டிருக்கேன். நீ 'தள்ளாதே, தூக்கு'ன்னு எழுதச் சொல்றே. இது என்ன, சாமான் ஏத்தற வண்டியா?"

"சார், இவளைக் கேக்காம இவ வேலைக்கு ராஜினாமா குடுத்த ஆளு அவன். வாழ்க்கையில ஒரு தடவைகூட இவ சொல்லி அவன் கேட்டதில்ல. இப்பத்தான் முதல் தடவையா, ஒவ்வொரு வார்த்தையா, அவ சொல்றபடி செய்யறான். அதைவிடப் பெரிய மன்னிப்பு எங்க சார் இருக்கு?"

சேனல் மேடம் முன்னால் சாய்ந்தார். "சரி. கதவு திறந்ததும் ரெண்டு பேரும் ஒரே ஃப்ரேம்ல வந்துடுவாங்களே. அங்க என்ன பண்ணப் போறீங்க?"

"திறக்கலை."

"தாழ்ப்பாள் வரலையா?"

"வந்துருச்சு. டக்குனு வந்துருச்சு. அவன் கையில இருக்கு. ஆனா, 'இன்னும் வரலையே'ங்கறான். வெளியில அவளுக்கும் அந்த டக் கேட்டுருச்சு. கேட்டது நமக்குத் தெரியுது. அவ கதவைத் தள்ளலை. அங்கயே உக்காந்துடறா. பேசிக்கிட்டே இருக்காங்க. நாம வெளிய வந்துடறோம். மறுநாள் காலையில பாத்திரம் கழுவற தொட்டியில ரெண்டு டம்ளர்."

பேசுகிறவர் தானே என்பதால், சீன் அக்காவுக்குப் பார்ப்பதற்கு அங்கே நிறைய இருந்தது. தயாரிப்பாளர் வாய்வரை கொண்டுபோன டம்ளரைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். டீயில் ஆடை படிந்திருந்தது. இயக்குநர் மேசைக்கு அடியில் ஒரு கையால் எதையோ மேலே தூக்கி இடப்பக்கம் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். சேனல் மேடம் மேசையின் விளிம்பை வருடிக்கொண்டே, "ஜனங்க, திறங்கடான்னு கத்துவாங்க" என்றார்.

"கத்தட்டும்."

"கத்தணும். அந்த டக் வர்ற வரைக்கும் மியூசிக் போடாதீங்க. வந்தப்புறமும் போடாதீங்க. ஒரு வயலின் சத்தம் கேட்டாலும் நான் லாரியைக் கூப்பிட்டுருவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வசனம் சார் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானாகவே சொன்னார்: "அவன் 'இன்னும் வரலையே'ன்னதும், அவ, 'அவசரமில்ல. மெதுவாப் பாருங்க'ங்கறா. அதோட கட் பண்ணிடுங்க. நிலவு, கடல் எதுவும் வேணாம். போங்க."

அந்தக் கடைசி வரி அவருடையது. சீன் அக்கா அதை எப்போதும் சொல்லிவிடுவார். அடுத்தவர் வரியைத் தன்னுடையதாக்கிக்கொள்கிற வழக்கம் வீட்டோடு சரி.

படப்பிடிப்புக்கு அவர் போவதில்லை. எழுதியது கண்முன்னால் வேறாக ஆவதைப் பார்க்கிற தெம்பு தனக்கு இல்லை என்பார். உள்பக்கம் இருக்கும் அண்ணனின் பாதியை ஒருநாளும், வெளிப்பக்கம் இருக்கும் அண்ணியின் பாதியை மறுநாளும் எடுத்தார்கள். வராதவருடைய வசனத்தை ஓர் உதவி இயக்குநர் கதவுக்குப் பின்னால் நின்று ஒப்பிப்பார். அதைக் கேட்டு வந்தவர் நடிக்க வேண்டும். அந்த உதவி இயக்குநர் காதல் வசனத்தையும் பஸ் வழித்தடம் படிப்பதுபோலப் படிக்கிறவர். அதுதான் சீன் அக்காவுக்குக் கவலையாக இருந்தது.

"தம்பி, எப்படி வந்துச்சு?" என்று இயக்குநருக்கு போன் போட்டார்.

"நீங்களே பாருங்கக்கா" என்று அவர் வைத்துவிட்டார்.

ஒளிபரப்பான மாலை மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மகள் தலையணையைக் கட்டிக்கொண்டிருந்தாள். திரையில் இருட்டு அறை, ஒரு மஞ்சள் விளக்கு, அண்ணனின் பக்கவாட்டு முகம். தட்டினார். "யாரு?" என்று வெளியிலிருந்து அண்ணியின் குரல்.

அண்ணனின் முகம் மாறியது. சீன் அக்கா எத்தனையோ நாள் அந்த முகத்துக்கு எழுதியிருக்கிறார். எந்த உணர்ச்சியையும் ஒரு படி தூக்கலாகவே காட்டுகிற முகம் அது. இன்றைக்கு ஒன்றுமே காட்டவில்லை. கூட்டத்தில் பின்னாலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோலத் தலை சடாரென்று கதவுப்பக்கம் திரும்பியது. அப்புறம் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் கண் கீழே போயிற்று, மேலே வந்தது. "தள்ளாதீங்க, தூக்குங்க" என்ற இடத்தில் அவர் தாழ்ப்பாளை விட்டுவிட்டு, மரத்தில் காதை வைத்தார். அது எழுத்தில் இல்லை.

"அப்பா, மூச்சு விடுப்பா" என்றாள் மகள். கணவர் அப்போதுதான் விட்டார்.

'டக்.' இசை இல்லை. "இன்னும் வரலையே." வெளியே அண்ணியின் கை கதவின்மேல் விரிந்து நின்றது, பிறகு மெல்ல இறங்கியது. "அவசரமில்ல. மெதுவாப் பாருங்க."

கீழ்வீட்டிலிருந்து ஓர் அலறல் படியேறி வந்தது: "அடப் பாவிங்களா, கதவத் திறந்து தொலைங்களேன்டா!"

சீன் அக்கா எழுந்து நின்றுவிட்டார். வாழ்க்கையில் எழுதிய எதற்கும் அப்படி நின்றதில்லை.

"எப்படிம்மா அவரு இவ்வளவு நல்லாப் பண்ணாரு?" என்று மகள் கேட்டாள். "அந்தப் பக்கம் பஸ் ரூட் படிக்கறவருதான இருந்திருப்பாரு?"

"எழுத்து சரியா இருந்தா யார் படிச்சா என்னடீ?" என்றார் சீன் அக்கா. "சுவரே படிச்சாலும் நடிக்கறவன் நடிப்பான். வாசல் சரியான எடத்துல வெச்சிருக்கேன்ல?"

மறுநாள் கணவரின் கடைக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது, கண்ணாடிக்கு அளவு கொடுக்க வந்த இரண்டு பெண்கள் கதவைத் திறந்திருக்க வேண்டுமா கூடாதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக இப்படி ஏதாவது காதில் விழுந்தால் அவர் ஒதுங்கி நின்று, கேட்கிறவளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு நேராகப் போய், "திறக்கக்கூடாது. அது நான் எழுதினது" என்றார். ஒருத்தி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கதானா அந்த மகராசி?" என்றாள். "எங்க வீட்டுக்காரரு ராத்திரி எந்திரிச்சுப் போய் எங்க ஸ்டோர் ரூம் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டாருங்க." கணவர் கல்லாவுக்குப் பின்னால் நின்று, எந்தக் கண்ணாடியையும் துடைக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

லாரி வரவில்லை. அண்ணி பிழைத்தாள். ஒரே வீட்டில் குடியிருக்கும் கணவனையும் மனைவியையும் ஒரே ஃப்ரேமுக்குள் காட்டாமல் தொடர் அதன் முடிவுவரை ஓடியது. ஒருவர் சமைத்து வைப்பார், மற்றவர் வந்து மூடியைத் திறந்து பார்ப்பார். ஜனங்கள் இப்போது அதையும் ஒரு அழகாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கதவுக் காட்சியைப் பற்றி யார் கேட்டாலும், "அது முழுசா எழுத்துங்க. ரெண்டு பேரும் ஒருத்தர் குரலை ஒருத்தர் கேக்காமலே பண்ணது" என்று சீன் அக்கா சொல்லி வந்தார்.

தொடர் முடிந்து நெடுநாள் கழித்து, வேறொரு வேலைக்காக ஒலிக்கூடத்துக்குப் போயிருந்தபோது, பழைய ஒலிப்பதிவாளரை நடைபாதையில் சந்தித்தார். பேச்சு அந்தக் காட்சிக்கு வந்தது. வழக்கம்போல அவர் அதையே சொன்னார். ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கினார்.

"கேக்காமலேவா? யாரு சொன்னது உங்களுக்கு?"

அண்ணனின் பாதியை எடுத்த நாளில் அண்ணிக்கு வேலை இல்லை. ஆனால் வந்தார். மேக்கப் இல்லாமல், வீட்டில் உடுத்தும் துணியோடு, பின்வாசல் வழியாக. உதவி இயக்குநரின் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தன் வரிகளைத் தானே சொன்னார். தொலைக்காட்சியில் கேட்டது அந்தக் குரல்தான். மறுநாள் பதிவான அண்ணியின் குரலை அந்தப் பாதியில் சேர்க்கவே இல்லை. "நல்ல சீன், அந்தத் தம்பி படிச்சு வீணாப் போயிடும்" என்று மட்டும் இயக்குநரிடம் சொன்னாராம். டேக் ஓகே ஆனதும் தாளை டின்மேல் வைத்துவிட்டு வந்த வழியே போனார். அவருடைய வண்டி வெளி கேட்டைத் தாண்டும் சத்தம் கேட்கிற வரைக்கும், உள்ளே அண்ணன் அந்தக் கதவைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.